சனிக்கிழமைத் தவறும் திங்கட்கிழமை வேலையும்

தொழில்சார் சாரதிகளின் அனுமதிப்பத்திர இழப்பு: நிறுவனமும் குடும்பமும் செய்யவேண்டியவை

ஒஸ்லோ ஹொல்ம்லியாவில், பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலுக்கான உரையின் எழுத்து வடிவம்



எண்பதுகளில் நோர்வேக்கு வந்துசேர்ந்த ஈழத்தமிழர் பலர், வடக்கே பின்மார்க் மாவட்டத்தின் மீன் தொழிற்சாலைகளில் தமது உழைப்பைத் தொடங்கினர். பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்து துப்புரவுப் பணி, உணவகச் சமையலறை, முதியோர் இல்லம் எனக் கிடைத்த வேலைகளைச் செய்தனர். அந்த வரிசையில் பேருந்து, வாடகைக்கார், விநியோக வாகனம், பாரவூர்தி ஆகியவற்றை ஓட்டும் தொழிலும் சேர்ந்துகொண்டது. இன்று அவர்களின் பிள்ளைகளிலும் சிலர் மேனிலைப் பாடசாலையில் தொழில்சார் சாரதிக் கல்வியைத் தெரிவுசெய்கின்றனர். சிலர் சொந்தமாக இரண்டு மூன்று வாகனங்களை வைத்துத் தொழில் நடத்துகின்றனர்.

தச்சரின் உளியோ தையற்காரரின் இயந்திரமோ பழுதானால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். சாரதியின் அனுமதிப்பத்திரம் பறிபோனால் அதற்கு மாற்று இல்லை. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் அந்தச் சிறு அட்டையிலேயே தங்கியுள்ளன. ஆயினும், அந்த அட்டை எவ்வாறு பறிபோகின்றது என்பதைப் பற்றிக் குடும்பங்களில் பேசுவது அரிது. பறிபோன பின்னர்தான் பேச்சுத் தொடங்குகின்றது.

இந்த உரை வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். அனுமதிப்பத்திர இழப்பு பெரும்பாலும் ஒரே நாளில் நேர்வதில்லை. அது சிறுகச் சிறுகச் சேர்ந்து வருகின்றது. சேர்வதைக் காலத்தோடு கண்டு, முதல் நாளிலேயே வாய்திறந்து சொன்னால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம். மறைத்தால் சிறு தவறும் பெருங்குற்றமாக வளரும்.

வேலை வாகனமும் சொந்த வாகனமும்

பலரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. வேலை வாகனத்தில் கவனமாக இருந்தால் போதும், சொந்தக் காரில் நடப்பது தனிப்பட்ட விடயம் என்பதே அந்த எண்ணம். நோர்வேச் சட்டம் அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு இருப்பது வாகனம் ஓட்டும் உரிமை. அந்த உரிமை பறிக்கப்படும்போது சிறிய காருக்கான உரிமையுடன் பாரவூர்திக்கும் பேருந்துக்குமான உரிமையும் சேர்ந்தே போகின்றது. சனிக்கிழமை பிள்ளையை விளையாட்டுப் போட்டிக்கு ஏற்றிச் செல்லும் வழியில் செய்த தவறு, திங்கட்கிழமை காலை பாரவூர்தியின் திறப்பைக் கையிலிருந்து பறித்துவிடும்.

ஏனைய நாடுகளிலும் நிலைமை இதுவே. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வணிக வாகனச் சாரதிகளுக்கெனத் தனி அனுமதிப்பத்திரம் உருவாக்கப்பட்டது. அங்கும், சொந்தக் காரை மதுபோதையில் ஓட்டிப் பிடிபட்டால் வணிக வாகனம் ஓட்டும் தகுதி ஓராண்டுக்கு இல்லாமற் போகும். இரண்டாவது முறை பிடிபட்டால் வாழ்நாள் முழுவதற்கும் தகுதியிழப்பு ஏற்படலாம்.

தண்டப்புள்ளிகளின் கணக்கு

நோர்வேயில் 2004ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் தண்டப்புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. நோர்வேஜிய மொழியில் இதனைப் 'பிரிக்' என்பர். மூன்று ஆண்டுகளுக்குள் எட்டுப் புள்ளிகள் சேர்ந்தால், ஆறு மாதங்களுக்கு வாகனம் ஓட்டும் உரிமை பறிக்கப்படும்.

சிவப்பு விளக்கை மீறுதல், வழிவிட வேண்டிய இடத்தில் விடாதிருத்தல், தடைசெய்யப்பட்ட இடத்தில் முந்திச் செல்லுதல், முன்னால் செல்லும் வாகனத்தை மிக நெருங்கி ஓட்டுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளிகள். வேக எல்லை 60 அல்லது அதற்குக் குறைவான வீதியில் 11 முதல் 15 கிலோமீற்றர் வரை கூடுதலாக ஓட்டினால் இரண்டு புள்ளிகள், 16 கிலோமீற்றரும் அதற்கு மேலும் கூடினால் மூன்று புள்ளிகள். எல்லை 70 அல்லது அதற்கு மேற்பட்ட வீதியில் 16 முதல் 20 வரை கூடினால் இரண்டு, 21 முதல் மூன்று. கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு 2021ஆம் ஆண்டு சனவரி முதல் மூன்று புள்ளிகள் வழங்கப்படுகின்றன. தண்டப்பணம் வேறு.

இக்கணக்கைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று புள்ளித் தவறுகள் மூன்று சேர்ந்தால் ஒன்பது. அதாவது, ஆண்டுக்கு ஒரு தவறு போதும். முதலாம் ஆண்டு சிவப்பு விளக்கு, இரண்டாம் ஆண்டு தொலைபேசி, மூன்றாம் ஆண்டு வேகம் என்று அமைந்தால், தம்மை நல்ல சாரதி என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் அரை ஆண்டு வேலையின்றி நிற்பார்.

இளையோருக்கு இக்கணக்கு இன்னும் கடுமையானது. முதன்முதலாக அனுமதிப்பத்திரம் பெற்ற இரண்டு ஆண்டுகள் சோதனைக் காலம் எனப்படும். 2011ஆம் ஆண்டு யூலை முதல், இக்காலத்தில் பெறும் புள்ளிகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படுகின்றன. இரண்டு புள்ளித் தவறு நான்காகும், மூன்று புள்ளித் தவறு ஆறாகும். ஆகவே, இரண்டே தவறுகளில் எட்டைத் தொட்டுவிடலாம். இலண்டனில் வாழும் உறவுகளின் பிள்ளைகளுக்கும் இதற்கு நிகரான விதி உண்டு. பிரித்தானியாவில் பொதுவாகப் பன்னிரண்டு புள்ளிகளில்தான் தகுதியிழப்பு ஏற்படும். ஆனால் புதிய சாரதி ஒருவர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் பெற்றாலே அனுமதிப்பத்திரத்தை இழக்கின்றார்.

புள்ளிக் கணக்குக்குக் காத்திராத தவறுகள்

சில தவறுகளுக்குப் புள்ளி சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேக எல்லை 60 அல்லது அதற்குக் குறைவான வீதியில் 25 கிலோமீற்றருக்கு மேல் கூடினால், விடயம் எளிய தண்டப்பணத்துடன் முடிவதில்லை. அனுமதிப்பத்திரமே கேள்விக்குள்ளாகும். காவல்துறையினர் அதனை வீதியிலேயே கைப்பற்றலாம்.

அடுத்தது மது. 1936ஆம் ஆண்டிலேயே இரத்தத்தில் உள்ள மதுவின் அளவுக்கு ஆயிரத்தில் 0.5 என்ற எல்லையைச் சட்டமாக்கிய நாடு நோர்வே. 2001ஆம் ஆண்டு சனவரி முதல் அந்த எல்லை 0.2 ஆகக் குறைக்கப்பட்டது. பயணிகளையோ பொருட்களையோ தொழிலாக ஏற்றிச் செல்லும் சாரதிகளுக்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பணி நேரத்தில் மட்டுமன்றி, பணி தொடங்குவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலும் அவர்கள் மது அருந்தலாகாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018ஆம் ஆண்டு யூலை முதல் வணிக வாகனச் சாரதிகளுக்கான எல்லை பூச்சியம் ஆகும்.

இங்கு பெரும்பாலானோர் தவறுவது இரவில் அல்ல, மறுநாள் காலையில். உடல் மதுவை மணிக்குச் சராசரியாக 0.15 என்ற அளவிலேயே எரிக்கின்றது. பூப்புனித நீராட்டு விழாவிலோ பிறந்தநாள் விழாவிலோ நள்ளிரவு ஒரு மணிக்கு ஒருவரின் இரத்தத்தில் 1.4 இருந்ததாகக் கொள்வோம். காலை எட்டு மணிக்கு ஏழு மணி நேரம் கழிந்திருக்கும். எரிந்தது ஏறத்தாழ 1.05. எஞ்சியிருப்பது 0.35. நன்றாக உறங்கி, குளித்து, தேநீர் அருந்திவிட்டுத் தெளிவாகத்தான் இருப்பதாக அவர் உணர்வார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் மதுபோதையில் பேருந்தை ஓட்டுபவர். கடைசிக் குவளைக்கும் பணிக்கும் இடையில் எட்டு மணி நேரம் கழிந்துவிட்டது என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. எவ்வளவு அருந்தினார் என்பதும் கணக்கில் வரும்.

2019ஆம் ஆண்டு சனவரி முதல் கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றும் புதிய பேருந்துகளில் மதுப்பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. சாரதி ஊதிக் காட்டிய பின்னரே இயந்திரம் இயங்கும். இதனை அவமதிப்பாகக் கருதுவோர் உண்டு. உண்மையில், வீதிக்கு இறங்கும் முன்பே சாரதியைத் தடுத்து அவரது அனுமதிப்பத்திரத்தைக் காப்பாற்றும் கருவி அது.

போதைப்பொருட்கள் பலவற்றுக்கும் 2012ஆம் ஆண்டு முதல் மதுவைப் போன்றே அளவெல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. இளையோர் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் போதையற்ற ஒழுக்கமுடையவராக இருக்கவேண்டும் என்பது நோர்வேச் சட்டத்தின் நிபந்தனை. ஆகவே, போதைப்பொருள் பாவனை காரணமாக, அவர் வாகனத்தை ஓட்டாத வேளையில் பிடிபட்டாலும், ஓட்டும் உரிமையைப் பறிக்கக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு.

பேருந்து, வாடகைக்கார் சாரதிகளுக்கு இரண்டாவது பத்திரம் ஒன்றும் தேவை. அது பயணிகளை ஏற்றுவதற்காகக் காவல்துறை வழங்கும் 'சோரசெத்தல்' ஆகும். நன்னடத்தையின் அடிப்படையில் வழங்கப்படும் இப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கும்போதே தனியாகப் பறிக்கப்படலாம். வீதிக்கு வெளியே செய்த குற்றமும் தொழிலைப் பறிக்கும் என்பதே இதன் பொருள்.

நோயும் மருந்தும்

குற்றம் எதுவும் செய்யாமலே உரிமையை இழப்போரும் உளர். ஒஸ்லோவில் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வுகள், இலங்கைப் பின்னணி கொண்டோரிடையே நீரிழிவு நோய் நோர்வேஜியரை விடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியுள்ளன. இன்சுலின் பயன்படுத்தும் ஒருவர் பாரவூர்தியோ பேருந்தோ ஓட்ட இயலாது என்று சட்டம் கூறவில்லை. ஆனால் சர்க்கரை அளவைத் தவறாது பார்த்தல், மருத்துவக் கண்காணிப்பில் இருத்தல் முதலிய கூடுதல் நிபந்தனைகள் உண்டு. நோயை மறைத்துச் சிகிச்சை பெறாதிருப்பவரே உரிமையை இழக்கும் ஆபத்தில் உள்ளார். ஓட்டும்போது சர்க்கரை திடீரென இறங்கி மயங்கினால் இழப்பது அனுமதிப்பத்திரம் மட்டுமாக இராது.

ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் உடல்நலத் தகுதியின்றி இருப்பார் என மருத்துவர் கருதினால், அதனை அரச நிர்வாகத்துக்கு அறிவிக்கும் கடமை அவருக்குண்டு. அது மருத்துவரின் பகைமை அன்று. நோர்வேயில் விற்கப்படும் மருந்துப் பெட்டிகளில் சிவப்பு முக்கோணம் அச்சிடப்பட்டிருந்தால், அம்மருந்து வாகனம் ஓட்டும் திறனைப் பாதிக்கக்கூடும். வலிமாத்திரையோ தூக்கமாத்திரையோ எழுதித் தரப்படும்போது, தாம் பாரவூர்தி ஓட்டுபவர் என்பதை நோயாளியே சொல்ல வேண்டும்.

தவறவிடக் கூடாத தேதிகள்

பாரவூர்தி, பேருந்து வகுப்புகளுக்கான அனுமதிப்பத்திரம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதனைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் தேவை. தொழில்சார் சாரதித் தகைமை பேருந்துச் சாரதிகளுக்கு 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 முதலும் பாரவூர்திச் சாரதிகளுக்கு 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 முதலும் கட்டாயமாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேர மறுபயிற்சி பெற்றால்தான் அட்டையில் 95 என்ற குறியீடு புதுப்பிக்கப்படும். வேகமும் ஓய்வும் பதியும் கருவியில் செருகும் சாரதி அட்டைக்கும் ஐந்து ஆண்டுக் காலவெல்லை உண்டு.

அனுமதிப்பத்திரம், மருத்துவச் சான்றிதழ், மறுபயிற்சி, சாரதி அட்டை ஆகிய இந்நான்கில் ஒன்று காலாவதியானாலும் சாரதி வேலைக்குச் செல்ல இயலாது. இது தண்டனை அல்ல, மறதி. ஆனால் சம்பளம் நிற்கும் நாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

நிறுவனம் செய்யவேண்டியவை

இரண்டு வாகனம் வைத்திருப்பவரும் இருநூறு வாகனம் வைத்திருப்பவரும் செய்யவேண்டியது அடிப்படையில் ஒன்றே. முதலாவது, ஒவ்வொரு சாரதிக்கும் ஒரு பதிவேடு. மேற்கூறிய நான்கு தேதிகளும், பயணிகள் போக்குவரத்தாயின் காவல்துறைப் பத்திரத்தின் தேதியும் அதில் இருக்க வேண்டும். ஆறு மாதம், மூன்று மாதம், ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டல் செல்ல வேண்டும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஓர் எளிய அட்டவணையும் அதனை வாரந்தோறும் திறந்து பார்க்கும் ஒருவரும் போதும்.

இரண்டாவது, அறிவிக்கும் கடமை. அமெரிக்கச் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட அறிவித்தல் கிடைத்த சாரதி, அடுத்த வேலைநாள் முடிவதற்குள் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். போக்குவரத்துக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் முப்பது நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நிறுவனமும் ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு சாரதியின் ஓட்டப் பதிவையும் பார்வையிட வேண்டும். 2020ஆம் ஆண்டு சனவரி முதல், மது மற்றும் போதைப்பொருட் சோதனைகளில் தவறியோரின் மத்திய தரவகத்தையும் அது சரிபார்க்கின்றது. பிரித்தானியாவில் சாரதி தாமே ஒரு குறியீட்டைப் பெற்றுக் கொடுத்தால், நிறுவனம் அவரது பதிவை இணையத்தில் பார்க்கலாம். நோர்வேயில் தொழில் நடத்துவோர் இதே ஒழுங்கை வேலை ஒப்பந்தத்தில் எழுதி வைக்கலாம்: உரிமை இழந்தால் அன்றே அறிவித்தல், ஆண்டுக்கு இருமுறை எழுத்தில் உறுதிமொழி அளித்தல்.

மூன்றாவது, சொல்பவருக்குப் பாதுகாப்பு. நான்கு புள்ளிகள் சேர்ந்துவிட்டன என்று சொல்லும் சாரதியை மறுநாளே வெளியேற்றும் நிறுவனத்தில், இனி எவரும் எதையும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு மறுபயிற்சி அளித்து, அவசரம் குறைந்த வழித்தடத்தில் விடும் நிறுவனம் அடுத்த நான்கு புள்ளிகளைத் தடுக்கின்றது.

நான்காவது, பணி அட்டவணை. நான்கரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர ஓட்டம், வாரத்தில் இரு நாட்கள் மட்டும் பத்து, நாளாந்த ஓய்வு பொதுவாகப் பதினொரு மணி நேரம் என்பன ஐரோப்பிய விதிகள். சாரதி அட்டையின் தரவுகளைக் குறைந்தது 28 நாட்களுக்கு ஒருமுறையும் வாகனக் கருவியின் தரவுகளை 90 நாட்களுக்கு ஒருமுறையும் நிறுவனம் பதிவிறக்க வேண்டும். பதிவிறக்கினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். ஒரே வழித்தடத்தில் மூன்று சாரதிகள் வேக எல்லையை மீறினால், தவறு அந்த மூவரிடம் மட்டும் இல்லை. அந்த நேரத்துக்குள் முடிக்க இயலாத வேலையைக் கொடுத்தவரிடமும் உள்ளது.

உரிமை இழந்தவரைத் தெரிந்தே ஓட்ட விடுவது நிறுவனத்தையும் குற்றத்துக்கு உள்ளாக்கும். போக்குவரத்து உரிமம் நன்னடத்தையின் அடிப்படையில் வழங்கப்படுவது. அதனை இழந்தால் ஒருவரின் வேலை அல்ல, அனைவரின் வேலையும் போகும்.

பறிபோன நாளில்

வீதியில் காவல்துறை அனுமதிப்பத்திரத்தைக் கைப்பற்றும்போது, அதற்குச் சம்மதிப்பதாகக் கையெழுத்திடுமாறு கேட்பர். கையெழுத்திடுவது கட்டாயம் அன்று. சம்மதிக்காவிடின், காவல்துறை அவ்விடயத்தை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இயன்றவரை மூன்று வாரங்களுக்குள் நீதிமன்றம் முடிவெடுக்கும். தவறு தெளிவாக இருப்பின் சம்மதிப்பதில் தீங்கில்லை. ஆனால் எழுதப்பட்டிருப்பது புரியாத நிலையில் கையெழுத்திடக் கூடாது. புரியவில்லை என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அவமானம் அன்று. "ஓட்டுவதே என் தொழில்" என்று சொல்வதால் மட்டும் தண்டனை நீங்கிவிடும் என்றும் எண்ணக் கூடாது. தொழிலாக ஓட்டுபவரிடம் சட்டம் கூடுதல் பொறுப்பையே எதிர்பார்க்கின்றது.

அடுத்துச் செய்யவேண்டியது, அந்தக் கணத்திலிருந்து எந்த வாகனத்தையும் ஓட்டாதிருத்தல். "வீடு வரைக்கும் மட்டும்" என்று ஓட்டுவதும் தனிக் குற்றமே. பின்னர் நிறுவனத்துக்கு அன்றே அறிவித்தல். களஞ்சியத்திலோ பணிமனையிலோ தற்காலிக வேலை கிடைக்குமா என்று கேட்கலாம். வேலைச்சூழற் சட்டத்தின்படி பணிநீக்கத்துக்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்கு முன் சாரதியுடன் கலந்துரையாடல் நடத்தப்பட வேண்டும். அனுமதிப்பத்திர இழப்பு அத்தகைய காரணமாக அமையலாம். ஆனால் அது தானாகவே வேலையைப் பறித்துவிடாது. பணிநீக்கம் சட்டத்துக்கு முரணானது என்று கருதினால், இரண்டு வாரங்களுக்குள் பேச்சுவார்த்தை கோர வேண்டும். தொழிற்சங்கத்தில் அங்கத்தவராக இருப்பதன் பயன் அன்று தெரியும். இழப்பு ஆறு மாதத்துக்கு மேற்பட்டால் மீண்டும் தேர்வுகளில் சித்தியடைய வேண்டும் என்பதால், அக்காலத்தைப் படிப்பதற்கும் பயன்படுத்தலாம்.

மகன்மீது சுமத்தப்படும் புள்ளி

குடும்பங்களுக்குள் மெல்லிய குரலில் பேசப்படும் ஒரு "வழி" உண்டு. தந்தைக்கு ஏற்கெனவே ஆறு புள்ளிகள் இருக்கின்றன. வேகக் கமராவின் கடிதம் வருகின்றது. வாகனம் தந்தையின் பெயரில். "மகன் ஓட்டியதாகச் சொன்னால் என்ன? அம்மா ஓட்டியதாகச் சொன்னால் என்ன?" என்று யாரோ ஒருவர் யோசனை கூறுகின்றார்.

இது யோசனை அன்று, பொறி. நோர்வேயின் வேகக் கமராக்கள் சாரதியின் முகத்தையும் படம் பிடிக்கின்றன. காவல்துறைக்குப் பொய்யான விளக்கம் அளிப்பது தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். போக்குவரத்துத் தவறுக்கு ஆறு மாதம் பொறுத்தால் அனுமதிப்பத்திரம் திரும்பி வரும். பொய்ச்சாட்சியக் குற்றம் நன்னடத்தைச் சான்றிதழில் பதிந்தால், பேருந்து ஓட்டும் பத்திரமும் பிள்ளை நாளை விண்ணப்பிக்கவிருக்கும் வேலையும் பாதிக்கப்படலாம். மகன் சோதனைக் காலத்தில் இருப்பவராயின், தந்தைக்கு மூன்றாக இருந்த புள்ளி மகனுக்கு ஆறாகின்றது. குடும்பத்தின் சுமையைப் பிள்ளை தாங்க வேண்டும் என்பது தமிழர் பண்பு என்றால், பொய்யின் சுமையைப் பிள்ளைமீது ஏற்றாதிருப்பதும் அதே பண்புதான்.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரின் கடிதங்களை வாசித்து விளக்கும் பணியைப் பல பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே செய்து வருகின்றனர். இன்று அரச கடிதங்கள் பெரும்பாலும் தபாற்பெட்டிக்கு வருவதில்லை. அல்தின், டிஜிபோஸ்ட், இ-பொக்ஸ் போன்ற மின்னஞ்சற் பெட்டிகளுக்கே வருகின்றன. புள்ளிகள் சேர்வது குறித்த எச்சரிக்கைக் கடிதமும் அங்கேயே திறக்கப்படாமற் கிடக்கலாம். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் தந்தையுடனோ தாயுடனோ அமர்ந்து அப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்டாட்டன்ஸ் வெய்வேசன் எனப்படும் வீதி நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவரும் தமது புள்ளிகளைத் தாமே பார்க்கலாம். பாங்க்ஐடி இரகசியச் சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். பெற்றோரே நுழையட்டும், பிள்ளைகள் அருகிலிருந்து விளக்கட்டும். மறுபயிற்சிக்கான தேதியையும் மருத்துவச் சான்றிதழுக்கான தேதியையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அனுமதிப்பத்திரத்தை இழந்தவர் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்வதுபோல் புறப்பட்டு, நாள் முழுவதும் எங்கோ சுற்றித்திரிந்து மாலையில் திரும்பும் நிலை ஏற்படக் கூடாது. "ஊர் என்ன சொல்லும்" என்ற அச்சமே ஒருவரை அனுமதிப்பத்திரமின்றி ஓட்டத் தூண்டுகின்றது. வீட்டில் சொல்ல இயலுமாயின், நிறுவனத்திலும் சொல்ல இயலும்.

இச்சட்டங்கள் வெளிநாட்டவரைத் தண்டிக்க வந்தவை அல்ல. 1970ஆம் ஆண்டில் நோர்வே வீதிகளில் 560 பேர் உயிரிழந்தனர். 2020ஆம் ஆண்டில் அத்தொகை 93 ஆகக் குறைந்தது. வாகனங்களோ பலமடங்கு பெருகின. பாதுகாப்பான வாகனங்களும் திருந்திய வீதிகளும் கடுமையான சட்டங்களும் சேர்ந்து ஈட்டிய பயன் அது. ஹொல்ம்லியாவின் வீதிகளில் பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைகளும் அப்பயனைப் பெறுகின்றனர்.

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொரு சாரதியும் தமது புள்ளிகளையும் நான்கு தேதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பார்த்ததை வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லட்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.